போலீஸ் டேப் போட்டு அளந்த பிளாஸ்டிக் வீடு!

3½ அடிக்கு மேலே போனால் குற்றம். கீழே இருந்தால் தூக்கம்

நியூயார்க் நகரம். 2000-ம் ஆண்டு. 26-வது தெருவும் 9-வது அவென்யூவும் சந்திக்கும் இடம்.

பிளாட்பாரத்தில், கட்டடத்துச் சுவரை ஒட்டினாற்போல் பிளாஸ்டிக்கில் ஏதோ ஒன்று உப்பிக்கொண்டு படுத்துக் கிடக்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் காற்றடைத்த ராட்சதப் புழு. கிட்டே போனால்தான் தெரியும், உள்ளே ஒரு ஆள் இருப்பது!

போலீசார் வருகிறார்கள். "இந்த இடத்தில் கூடாரம் போடக் கூடாது, தெரியாதா?" என்ற தோரணை. உள்ளே இருப்பவரோ அசரவில்லை. இது கூடாரமே இல்லை, என் உடம்பின் நீட்டல் என்று வாதாடுகிறார்.

போலீசார் என்ன செய்தார்கள் தெரியுமா? டேப்பை எடுத்தார்கள். தரையில் இருந்து உச்சி வரை அளந்தார்கள். மூன்றரை அடிக்குக் கீழே இருந்தது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்!

இது ஒரு தடவை நடந்ததல்ல. அதே ஆசாமிக்கு இரண்டு தடவை நடந்தது. இரண்டு தடவையும் ஜெயித்தது அந்த பிளாஸ்டிக் பைதான்.

மூன்றரை அடி என்றால் எவ்வளவு? நம் மளிகைக் கடைகளில் தராசு வைத்திருக்கும் மேஜை உயரம். அதற்குமேல் எழும்பினால் அங்கே "சட்டவிரோதக் குடியிருப்பு". ஆளைக் கிளப்பலாம், பொருளை அள்ளிக்கொண்டு போகலாம். அந்த உயரத்துக்குள் அடங்கினால் கூடாரம் என்று சொல்ல முடியாது.

இந்தச் சட்ட நுணுக்கத்தைத் தெரிந்துகொண்டு, அதற்குத் தக்கபடி அளவெடுத்து வீடு தைத்துக் கொடுத்தவர் வக்கீல் அல்ல. ஒரு சிற்பி!

யார் அந்தச் சிற்பி?

பெயர் மைக்கேல் ராகோவிட்ஸ். 1973-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். தாயாரின் குடும்பம் பாக்தாத்தில் இருந்து 1946-ல் வெளியேறிய யூதக் குடும்பம். ஊரை விட்டு வந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை.

1997-ல் ஜோர்டான் நாட்டுக்குப் போனார். அங்கே பாலைவனத்து நாடோடிகளான பெதுவின் மக்கள் கூடாரம் போடுவதைப் பார்த்தார். அவர்கள் தினமும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பார்கள். அதற்குத் தக்கபடி கூடாரத்தைத் திருப்பிப் போடுவார்கள். நேற்றுப் போட்ட மாதிரி இன்றைக்குக் கிடையாது.

அப்போது ராகோவிட்ஸ், பாஸ்டனுக்குப் பக்கத்தில் கேம்பிரிட்ஜ் என்ற ஊரில், எம்.ஐ.டி. கல்லூரியில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த மாணவர். திரும்பி வந்தவர் கண்ணில் ஒரு காட்சி பட்டது. குளிர்கால இரவில் வீடில்லாதவர்கள் எங்கே படுக்கிறார்கள்? கட்டடங்கள் காற்றை வெளியே தள்ளுகிற இரும்பு ஜாலிகளின் மேலும், அவற்றை ஒட்டியும்!

ஏ.சி. மெஷினின் பின்பக்கம் நின்றவர்களுக்கு இது புரியும். உள்ளே குளுகுளு, வெளியே அனல். அந்த ஊரில் இன்னொரு விதம். கடுங்குளிரில் கட்டடத்துக்கு உள்ளே சூடு போடுவார்கள். உள்ளே தேங்கிய காற்றை மின்விசிறி வெளியே தள்ளும். அந்தச் சூடும் சேர்ந்து தெருவுக்கு வந்து வீணாகப் போகும். அந்த வீணாகிற சூட்டில்தான் அவர்கள் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

அதையும் பொறுக்க மாட்டார்களே! தட்டையாக இருந்த ஜாலிகளைச் சில இடங்களில் சாய்வாக மாற்றி அமைத்தார்கள். சாய்வு இருந்தால் படுத்தவன் உருண்டு விழுவான் அல்லவா? கடைத் திண்ணையில் கூர்க்கம்பி பதிக்கிற அதே மூளைதான்.

ராகோவிட்ஸ் யோசித்தார். பெதுவின் காற்றைப் பார்த்துக் கூடாரம் போடுகிறான். இந்த ஊரில் வீசுகிற காற்று எது? கட்டடம் விடுகிற மூச்சுதான்!

பாலிதீன் பைகளையும் ஒட்டு டேப்பையும் எடுத்தார். இரண்டு தோல் கொண்ட ஒரு நீளமான கூட்டை ஒட்டினார். அதில் ஒரு குழாய் வைத்தார். குழாயின் வாயைக் கட்டடத்து ஜாலியில் மாட்டினால், வெளியே வருகிற சூடான காற்று இரண்டு தோலுக்கும் நடுவே புகுந்து, சைக்கிள் டியூப் மாதிரி கூட்டை உப்பி நிறுத்தும். உள்ளே படுத்தவருக்குக் கதகதப்பு. கரண்ட் பில் கிடையாது, வாடகை கிடையாது. காலையில் கழற்றினால் சுருங்கிவிடும். மடித்துக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம்.

ஒன்றுக்கு ஆன செலவு சுமார் 5 டாலர்!

இதற்கு அவர் வைத்த பெயர் "பாரசைட்". அதாவது ஒட்டுண்ணி. கட்டடத்தின் மேல் ஒட்டிப் பிழைக்கிற வீடு. வீடில்லாதவனைத்தான் ஊர் ஒட்டுண்ணி என்று திட்டுகிறது. திட்டுகிற வார்த்தையையே பெயராக வைத்துவிட்டார் மனிதர்.

முதல் பாடம்: கறுப்புப் பை

இங்கேதான் சமாச்சாரம் இருக்கிறது.

முதலில் அவர் கறுப்புக் குப்பைப் பைகளில் செய்துகொண்டு போனார். உள்ளே இருப்பவர் வெளியே தெரியக் கூடாது, பாவம், மானம் மரியாதை இருக்கிறதே என்பது அவர் எண்ணம். படித்த பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும். எனக்கும் உங்களுக்கும் கூட அப்படித்தான் தோன்றும்.

தெருவில் படுப்பவர்கள் அதைத் தலையாட்டி மறுத்துவிட்டார்கள். எங்களுக்கு மறைவு பிரச்சினை இல்லை, பாதுகாப்புதான் பிரச்சினை என்றார்கள். யார் வருகிறான், எந்தப் பக்கம் இருந்து வருகிறான் என்று உள்ளே இருந்து பார்க்க வேண்டும். அது மட்டுமல்ல, எங்களை ஊர் பார்க்கவும் வேண்டும் என்றார்கள்.

போலீஸ் செய்தி எழுதுகிறவர்களுக்கு இந்தப் பேச்சின் அர்த்தம் சட்டென்று புரியும். பிளாட்பாரத்தில் தூங்குகிறவர் பத்திரிகையில் வருவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 45." தூக்கத்தில் கல்லைப் போட்டவன் யார் என்று செத்தவருக்கே தெரியாது. கறுப்புப் பைக்குள் படுத்தவனுக்குக் காலடிச் சத்தம் கேட்கும், முகம் தெரியாது.

ராகோவிட்ஸ் கறுப்புப் பையைத் தூக்கிப் போட்டார். கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவுகிற பைகளுக்கு மாறினார். அதற்குப் பிறகு அவர் வேலை பார்த்த விதம், சிற்பி வேலை என்பதைவிட தையல்காரர் வேலை என்று சொல்வதே பொருத்தம்.

ஆளுக்கு ஒரு ஆர்டர்! ஒருவர் எத்தனை ஜன்னல் வைக்க முடியுமோ அத்தனை வை என்றார். உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு ஆறு, படுத்தால் கண் மட்டத்துக்கு ஆறு என்று வைத்துக் கொடுத்தார். இன்னொருவருக்கு சினிமாப் பைத்தியம். "ஸ்டார் வார்ஸ்" படத்தில் வருகிற ஜப்பா என்ற கொழுத்த பூதம் மாதிரி என் வீடு இருக்க வேண்டும் என்றார். அதையும் செய்து கொடுத்தார்!

ஜப்பா எதற்கு, தூங்க இடம் கிடைத்தால் போதாதா என்று கேட்கலாம். நம்ம வீட்டு வாசலுக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்று நாம் ஒரு மாதம் யோசிக்கவில்லையா? அவருக்கும் ஆசை இருக்காதா?

பாஸ்டன், கேம்பிரிட்ஜ், நியூயார்க் ஊர்களில் 30 பேருக்கு மேல் இந்தக் கூடுகளைச் செய்து கொடுத்திருக்கிறார். எதையும் காசுக்கு விற்கவில்லை.

செங்கல் அடியும் மேயர் உத்தரவும்

சரி, நியூயார்க்கில் டேப் எடுக்கும் அளவுக்குப் போலீசுக்கு என்ன வந்தது?

1999 நவம்பர் மாதம். மன்ஹாட்டனின் நடுமத்தியில், பட்டப்பகலில், நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு இளம்பெண்ணின் தலையில் ஒருவன் செங்கல்லால் ஓங்கி அடித்தான். ஊரே கொதித்தது. அடித்தவன் வீடில்லாத ஆசாமி என்று பத்திரிகைகள் எழுதின.

அப்போது மேயர் ரூடி ஜூலியானி. வழக்கறிஞராக இருந்து மேயர் ஆனவர், கறார் பேர்வழி. தெரு என்பது தூங்குவதற்கு அல்ல, தூங்குவதற்குப் படுக்கையறை இருக்கிறது என்று சொன்னார். தெருவில் படுத்திருப்பவர்களை எழுப்புங்கள், போக மறுத்தால் கைது செய்யுங்கள் என்று போலீசுக்கு உத்தரவு போனது. ஒருவன் செங்கல்லுக்குப் பல ஆயிரம் பேர் எழுந்து நடக்க வேண்டியதாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. அதே நியூயார்க்கில்தான், இடம் கேட்டு வருகிறவனுக்கு நகர நிர்வாகம் படுக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு இருக்கிறது. 1979-ல் ராபர்ட் ஹேஸ் என்ற இளம் வக்கீல் தொடுத்த வழக்கு அது. வழக்கில் முதல் பெயர் ராபர்ட் கேலகன். பவரி என்ற தெருப் பக்கம் பிளாட்பாரத்தில் வாழ்ந்தவர். 1981-ல் நகர நிர்வாகம் சமரசத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டது. அதைப் பார்க்க கேலகன் இல்லை. கையெழுத்தாகும் முன்பே தெருவில் இறந்துபோனார்.

அப்புறம் ஏன் ஜனங்கள் தெருவில் படுக்கிறார்கள்? விடுதிக்குப் போனால் என்ன? பெரிய பெரிய கூடத்தில் வரிசையாகக் கட்டில். செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தால்தான் காலையில் செருப்பு இருக்கும். அடிதடி, போதை, திருட்டு எல்லாம் உண்டு. ஜாலிச் சூடே மேல் என்று பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

அப்படித் திரும்பி வந்தவர்களுக்குத்தான் மூன்றரை அடிக் கணக்கு உயிர்க் கணக்காகிவிட்டது. ராகோவிட்சும் 26-வது தெரு ஆசாமியும் சேர்ந்து உட்கார்ந்து சட்டத்தைப் பார்த்து, உட்கார முடியாவிட்டாலும் பரவாயில்லை, படுக்க முடிந்தால் போதும் என்று உயரத்தைக் குறைத்தார்கள். மீதியை முதலிலேயே பார்த்தோம்.

வாத்தியார் செய்த வண்டி

ராகோவிட்ஸ் படித்த காலத்தில் அதே எம்.ஐ.டி.யில் வாத்தியாராக இருந்தவர் கிறிஸ்டோப் வோடிச்கோ. போலந்துக்காரர். 1943-ல் வார்சாவில், யுத்தத்துக்கு நடுவே பிறந்தவர். அவர் 1988-ல் நியூயார்க்கில் ஒரு வண்டி செய்து ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தார்.

அப்போது நியூயார்க்கில் வீடில்லாதவர்களில் பலர் காலி பாட்டில், டப்பா பொறுக்கிப் பிழைத்தார்கள். 1983-ல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டப்படி, காலி டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 5 சென்ட். கடைகளில் சாமான் தள்ளுகிற வண்டியை எடுத்துக்கொண்டு, அதில் மூட்டை கட்டித் தள்ளிக்கொண்டு திரிவார்கள். வோடிச்கோ அவர்களிடமே போய்க் கேட்டார். உங்களுக்கு எப்படி வண்டி வேண்டும்? அவர்கள் சொல்லச் சொல்ல வரைந்தார், அவர்கள் குறை சொன்னதும் மாற்றினார்.

பகலில் டப்பா மூட்டை ஏற்றும் வண்டி. இரவில் இழுத்தால் நீண்டு படுக்கை ஆகும். முன்னால் ஏவுகணை மாதிரி உலோக மூக்கு. அதைத் திறந்தால் முகம் கழுவுகிற தொட்டி! தெருவில் தள்ளிக்கொண்டு போனால் யாராலும் பார்க்காமல் போக முடியாது. "என்னப்பா இது?" என்று கேட்டே தீர வேண்டும். கேட்டால் பேச்சு ஆரம்பம். வோடிச்கோவுக்கு வேண்டியது அதுதான்.

அதே 1988 ஆகஸ்டு 6-ந் தேதி இரவு நியூயார்க்கின் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் பெரிய ரகளை. பூங்காவில் வீடில்லாதவர்கள் தங்கியிருந்தார்கள். இரவு 1 மணிக்கு மேல் பூங்காவில் யாரும் இருக்கக் கூடாது என்ற தடையைப் போலீசார் அமல்படுத்த வர, எதிர்த்து ஊர்வலம் வந்தவர்கள் மீது தடியடி நடந்தது. போலீசார் மீது வந்த புகார்கள் 100-க்கு மேல். குதிரைப் போலீஸ், ஹெலிகாப்டர் எல்லாம் வந்தன. அப்படிப்பட்ட ஊரில்தான் இந்த வண்டி ஓடியது.

இது வீட்டுப் பிரச்சினைக்குத் தீர்வு அல்ல என்று வோடிச்கோ அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார். ராகோவிட்சும் அதையே சொன்னார். பிரச்சினை எப்படி மறைய வேண்டுமோ, அப்படியே என் கூடும் மறைய வேண்டும் என்பது அவர் கட்சி. "இத்தனை கோடி டாலர் புழங்குகிற ஊரில் பிளாஸ்டிக் பைதானா கிடைத்தது?" என்று சிலர் கோபப்பட்டது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தைக் கிளப்பியதும் அந்தப் பைதானே!

இன்னொரு எல்.ஏ.பி.டி.!

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் "எல்.ஏ.பி.டி." என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். அந்த நகரப் போலீஸ் இலாகாவின் சுருக்கப் பெயர்.

அதே ஊரில் 1985-ல் இன்னொரு எல்.ஏ.பி.டி. பிறந்தது. "லாஸ் ஏஞ்சல்ஸ் பாவர்ட்டி டிப்பார்ட்மென்ட்". அதாவது வறுமை இலாகா! ஆரம்பித்தவர் ஜான் மால்பீடி என்ற நாடகக்காரர். ஸ்கிட் ரோ என்பது அந்நகரத்தில் வீடில்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் அடைந்து கிடக்கிற பகுதி. அங்கே ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்கிற அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, பிளாட்பாரத்தில் இருந்தவர்களைக் கூட்டி நாடகக் கம்பெனி நடத்தினார். நடிகர்கள் அவர்களே, கதையும் அவர்களுடையதே.

ஜெயிலுக்குப் போய் வந்தவர்களை வைத்து 2010-ல் ஒரு நாடகம் போட்டார்கள். மேடை முழுக்க ஜெயில் கட்டில்கள், அடுக்கடுக்காக. பார்க்க வருகிறவர்களுக்கு நாற்காலி கிடையாது. அந்தக் கட்டில்களில்தான் போய் உட்கார வேண்டும்! டிக்கெட்டோடு ஜெயில் வாசனையும் இலவசம். 2015-ல் ஸ்கிட் ரோவின் சரித்திரத்துக்கு என்றே ஒரு மியூசியமும் திறந்துவிட்டார்கள். பிளாட்பாரத்துக்குச் சரித்திரம் உண்டு என்று யாராவது நினைத்திருப்போமா?

கலிபோர்னியாவில் ஓக்லண்ட் நகரத்துச் சிற்பி கிரெகரி க்ளோன் கதை ரொம்பச் சின்னது. தெருவில் கொட்டுகிற உடைந்த மேஜை, கதவு, வாஷிங் மெஷின் மூடி எல்லாவற்றையும் பொறுக்கி வந்து, ஒரு ஆள் படுக்கிற அளவுக்குக் குட்டி வீடு ஒன்று செய்து பட்டறையில் வைத்திருந்தார். வீடில்லாத தம்பதி ஒன்று வந்து, மழைக்குப் போர்த்த ஒரு தார்ப்பாய் இருக்குமா என்று கேட்டது. தார்ப்பாய் இல்லை. மறுநாள் வாருங்கள் என்றார். வந்தவர்கள் கையில் அந்த வீட்டுச் சாவியைக் கொடுத்தார், கூடவே ஒரு ஷாம்பெயின் பாட்டிலும்!

அதற்குப் பிறகு செய்துகொண்டே போனார். எல்லா வீட்டுக்கும் அடியில் சக்கரம் உண்டு. ஏன்? ஒரே இடத்தில் நின்றால் ஆக்கிரமிப்பு. "எடு" என்றால் தள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். நியூயார்க்காரருக்கு உயரம், இவருக்குச் சக்கரம்.

மியூசியத்தில் ஒன்று, தெருவில் ஒன்று

ராகோவிட்சின் கூடு ஒன்றை நியூயார்க்கின் நவீனக் கலை மியூசியம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. 2005-ல் நடந்த பெரிய கண்காட்சியில் அது இடம்பெற்றது. ஆபத்தில் இருந்து மனிதனைக் காக்கிற பொருட்கள் பற்றிய கண்காட்சி அது. மியூசியம் இருப்பது 53-வது தெருவில். டேப் போட்ட 26-வது தெருவில் இருந்து நடந்தே போய்விடலாம். அங்கே அதே பாலிதீனைக் காவலாளி நின்று காக்கிறார். யாரும் கை வைக்கக் கூடாது. உயரத்தை யாரும் அளக்கவில்லை.

தெருவில் மட்டும் அளவு குறைந்துகொண்டே போகிறது. ஆரகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்று சுமார் 38 ஆயிரம் பேர் வாழ்கிற சிறிய ஊர். பொது இடத்தில் படுக்கை விரித்தால் அங்கே 295 டாலர் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். கட்டாவிட்டால் ஏறும். திரும்பத் திரும்பப் பிடிபட்டால் பூங்காவுக்குள் நுழையத் தடை, மீறினால் ஜெயில். படுக்க வேறு இடமே இல்லாதவனைத் தண்டிப்பது கொடுமை என்று வழக்கு நடந்தது. 2024 ஜூன் 28-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 9 நீதிபதிகளில் 6 பேர் ஊர் நிர்வாகத்தின் பக்கம். அபராதம் செல்லும்!

தெருவில் படுப்பவரைத் தண்டிக்க விரும்புகிற மற்ற ஊர்களுக்கும் அந்தத் தீர்ப்போடு வழி திறந்துவிட்டது. வழக்குக்குப் போன அந்த ஊர்ச் சட்டத்தில் அடிக்கணக்கு எதுவும் இருக்கவில்லை. தங்குகிற எண்ணத்தோடு ஒரு போர்வையை விரித்தாலே அது கூடாரம் போட்டதற்குச் சமமாக இருந்தது. போலீசாருக்கு டேப் தேவைப்படவில்லை.